மெயின் மாமாவும் பழைய லேப்டாப்பும்

பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. விரலை மாற்றி அமுக்கினார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

"கட்டை விரலால அமுக்கினா மட்டும் உயிர் வந்துடுமா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. பரண்லயே நிம்மதியா இருந்திருக்கும்."

"சாகலை. தூங்குது."

அந்தத் தெருவில் அவருக்கு மெயின் மாமா என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மெயின் சுவிட்சை அணைக்காமல் சுவரில் ஆணிகூட அடிக்கமாட்டார். வெளிநாட்டுக் கட்டடங்களில் லிஃப்ட் மாட்டப் போனவர், மகள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே போய், அவள் சைக்கிள் ஓட்டப் பழகிய பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்.

நாளை மறுநாள் அந்த மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் பெரிய திரை வைக்கிறார்கள். மாப்பிள்ளையின் சின்ன வயதுப் படங்கள் வந்து குவிந்துவிட்டன. தொட்டிலில், தொப்பியோடு, முன்பல் இல்லாமல் என்று விதவிதமாக. எல்லாவற்றிலும் பின்னால் அவனுடைய அப்பா நிற்கிறார்.

பெண்ணின் அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு வீடியோ. அவருடைய பிறந்தநாளன்று வீடியோ காலில் குழந்தை கேமரா முன்னால் நின்று ஆடியது. மற்ற நாளெல்லாம் போனில் பேசுவாள். கேமரா முன்னால் வந்தது அந்த ஒரு நாள்தான். அதை அவர் இந்த லேப்டாப்பில் பதிவு செய்து வைத்திருந்தார்.

"அதைத் திரையில போட்டே ஆகணும்," என்றார். "இல்லேன்னா அவளுக்கு அப்பான்னு ஒருத்தன் இருந்ததுக்கே சாட்சி இல்லை."

"பத்திரிகையில உங்க பேரு போட்டிருக்கே, போதாதா?"

அவர் எழுந்துபோய் மெயினை அணைத்தார். மின்விசிறி நின்றது. குளியலறையில் வாஷிங் மெஷின் பாதி அலசலில் மூச்சை நிறுத்திக்கொண்டது. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார். பெயிண்ட் பிரஷால் தூசி தட்டினார். எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். ஒரு திருகு மட்டும் மிச்சம் இருந்தது.

"கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு கூடுதலாத்தான் வைப்பான்," என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினார். அசைவே இல்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார்.

"சார்ஜரை மாட்டியிருக்கீங்களா சார்?"

"மாட்டாம இருப்பேனா?"

"அதுல பச்சை லைட் எரியுதா?"

"எப்படி எரியும்? மெயினை ஆஃப் பண்ணியிருக்கேனே."

"ஆன் பண்ணிப் பாருங்க சார்," என்றது குரல், மிகுந்த மரியாதையோடு.

"வேலை முடியாம எப்படிப்பா ஆன் பண்றது? என் சர்வீஸ்லயே நான்..."

போன் துண்டிக்கப்பட்டது. வேண்டாவெறுப்பாக மெயினைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினார். லேப்டாப் உறுமியது. தூசி தட்டியது வீண்போகவில்லை. ஆனால் திரை கறுப்பாகவே இருக்க, உள்ளிருந்து பீப், பீப் என்று விடாமல் சத்தம் வந்தது.

"லிஃப்ட்ல பீப் வந்தா என்ன அர்த்தம், சொல்லு?"

"உங்களுக்கு வேலை வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"கதவு சரியா சாத்தலைன்னு அர்த்தம்."

மூடியைச் சாத்தி இரண்டு கையாலும் ஓர் அழுத்து அழுத்தினார். மடக்கென்றது. திறந்தால் திரையின் குறுக்கே நீளமாக ஒரு விரிசல். மூடியும் பாதிக்கு மேல் எழும்ப மறுத்தது.

"கீல் இறுகிப்போச்சு. எண்ணெய் விடணும்."

சொல்லி வாய் மூடவில்லை, மனைவி எண்ணெய்ப் புட்டியோடு பக்கத்தில் நின்றாள். கேட்ட பொருளை அவள் இவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுத்தது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அவருக்கு நெகிழ்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் விடுங்க," என்றாள். விட்டார். எண்ணெய் கீலைத் தாண்டி கீபோர்டுக்குள் இறங்கியது. துடைக்க அவளே துணியும் கொடுத்தாள். துணி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. லேப்டாப் சர்ரென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. அவர் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளிநாட்டில், ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு அந்த வீடியோவைப் பார்ப்பார். நெட் மந்தமாக இருந்த காலம். குழந்தையின் முகம் கட்டம் கட்டமாகத்தான் பதிவாகியிருந்தது. எந்தக் கட்டம் மூக்கு, எந்தக் கட்டம் சிரிப்பு என்று அவருக்கு மனப்பாடம். மேல் கட்டிலில் படுத்திருக்கும் வெல்டர் தலையைத் தொங்கவிட்டு, "இன்னொரு தடவை போடுங்கண்ணே," என்பான். அவனுக்கும் ஒரு மகள் இருந்தாள், வீடியோ இல்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் வீடியோவில் ஆடியவள்தான் மகள். அந்த நாட்களை அவர் எப்படியோ தாண்டி வந்தது அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான்.

"எல்லாரும் பிள்ளை வளர்றதைப் பார்க்கறாங்க. நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்," என்றார். "அதையும் எண்ணெய் ஊத்தி அழிச்சுட்டேன்."

மனைவி கையிலிருந்த புட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அத்தை, தெரு முழுக்க கரண்ட் இருக்கு, உங்க வீட்டுல மட்டும் ஏன் ஃபேன் ஓடலை?"

எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். மகளோடு ஒன்றாக வளர்ந்தவள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வரவேற்புக்குத் தோடு இரவல் கேட்டு வந்திருந்தாள்.

"அவ டெய்லர் கடைக்குப் போயிருக்கா, நீ அப்புறமா வா," என்றாள் மனைவி ஒரே மூச்சில்.

"இரும்மா, இரு," என்று எழுந்தார் அவர். மனைவியைப் பார்த்தார். "இவளைக் கூப்பிடலாம்னு காலையிலயே சொன்னேன். ஆபீஸ் போயிருப்பான்னியே?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மாமா," என்றாள் அந்தப் பெண்.

விஷயத்தைக் கேட்டாள். விரிசலைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "லேப்டாப் போனா போகட்டும். உள்ளே ஹார்டு டிஸ்க் நல்லா இருந்தா வீடியோவும் இருக்கும். என்னோடதுல போட்டுப் பார்க்கலாம்."

ஓடிப்போய்த் தன் லேப்டாப்பை எடுத்து வந்து, பழையதைக் கழற்ற உட்கார்ந்தாள்.

"வேண்டாம் கண்ணு, ஷாக் அடிக்கும்," என்றாள் மனைவி.

"மெயின் ஆஃப்ல இருக்கே அத்தை."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி இருமினாள். கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. டிஸ்க்கை எடுத்தாள், ஒயரில் மாட்டினாள், வீடியோவைக் கண்டுபிடித்துத் தட்டினாள்.

கட்டங்கள் அசைந்தன. மஞ்சள் கவுனில் ஒரு குழந்தை சுற்றிச் சுற்றி ஆடியது. அவர் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. "பார்த்தியா, இன்னிக்கும் அதே சிரிப்புதான் அவளுக்கு," என்று ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ஆட்டத்தின் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"இது ஒண்ணுதான் குறை. அந்தக் காலத்து நெட் அப்படி. மண்டபத்துல போடறதுக்கு முன்னாடி இந்த இரைச்சலை மட்டும் எடுத்துட முடியுமாம்மா?"

மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் ஒலியைக் கூட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"அதை எடுத்துடாதீங்க மாமா. ஆடறது நான். 'பெட்டிக்குள்ள இருக்கற அப்பா வேண்டாம், நேர்ல வரச் சொல்லு'ன்னு கட்டிலுக்கு அடியில அழுதுட்டிருக்கா பாருங்க, அதுதான் உங்க பொண்ணு."