சிசிலிக்கு மூன்று சுற்று

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பிளாசாவில் உள்ள ட்ரவல் ஏஜன்சிக்குப் போய், சிசிலித் தீவில் பத்து நாளைக்கு ஒரு சின்ன வாடகைக் கார் பதிந்துவிட்டு வரவேண்டும்.

பஸ்ஸில் பதினைந்து நிமிடம். போனால் ஒரு கையெழுத்து. வரும்போது அம்மாவுக்கு ஒரு கட்டுக் கீரை.

அந்த வேலை முடிய ஏழு கிழமை எடுத்தது. அதில் கீரை மட்டும்தான் சொன்னபடி வந்து சேர்ந்தது.

ஏன் சிசிலி என்று கேட்பீர்கள். நான் கூச்சம் பிடித்தவள். யாரிடமாவது வழி கேட்பதென்றால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நாங்கள் இருக்கும் ஸ்காபரோ நகரில் பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டால் சாரதியிடம் கேட்கமாட்டேன். கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கி, அங்கே ஏதோ அலுவலாக வந்தவள் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

இப்படிப்பட்ட எனக்கு லைப்ரரியில் ஒரு வரைபடப் புத்தகம் கிடைத்தது. அதில் மூன்று மூலையோடு ஒரு தீவு. சேலைக்குக் கரை வைத்த மாதிரி, கடலோரமாகச் சுற்றிவர ரோட்டு. கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பத்து நாளும் ஒருவரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. என்னை நினைத்தே யாரோ கடலுக்குள் வைத்த தீவு.

இன்னொரு காரணமும் இருந்தது. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமாகியும், பக்கத்துச் சீற்றில் அப்பா இருந்து "பிறேக், பிறேக்" என்று சொல்லாமல் நான் ஒருநாளும் கார் ஓடியதில்லை. ஒரு முறையாவது, அப்பா இல்லாமல், நீளமான ஒரு ரோட்டில் நானாக ஓடிப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கூட வரப் பெரியம்மாவின் மகள் வாசுகி ஓமென்றாள். என்னைவிட ஆறு மாதம் இளையவள். கூச்சம் என்றால் என்னவென்று தெரியாதவள். ஆகவே வீட்டில் அனுமதி கேட்கும் பொறுப்பை அவளிடமே விட்டேன்.

அங்கேதான் பிழை விட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வந்து, ஏஜன்சியின் சிசிலி விளம்பரப் புத்தகத்தை அப்பாவின் மடியில் விரித்து, விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் தனியவோ?" என்றார் அப்பா. "என்னத்துக்கு?"

இந்த "என்னத்துக்கு"க்கு நாங்கள் பதில் தயார் செய்யவில்லை. சும்மா பார்க்க என்று சொன்னால், "பாக்கிறதெண்டால் உந்த யன்னலாலை பார்" என்பார்.

வாசுகி புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். திறந்திருந்த பக்கத்தில் மலை உச்சியில் ஒரு கிறிஸ்தவப் புனிதையின் குகைக் கோயில்.

"நேர்த்திக்கடன், சித்தப்பா."

"என்ன நேர்த்தி?"

"இந்தக் கோயிலுக்குத்தான். சரியான புதுமையான கோயிலாம், கேட்டது நடக்குமாம். அங்கை இருக்கிற எங்கடை சனமும் மலையேறிக் கும்பிடுறவையாம்."

"ஆருக்கு நேர்த்தி?"

வாசுகி என்னைப் பார்த்தாள்.

"இவளுக்கு. கலியாணம் சரிவர வேணுமெண்டு."

குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த அம்மா கையில் அகப்பையோடு வெளியே வந்தா. மூன்று வருடமாக வந்த சம்பந்தம் அத்தனையையும் "இப்ப வேண்டாம்" என்று தட்டிக்கழித்தவள் நான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளை தானாவே கேக்குதப்பா," என்றா. "இதுக்கு மறிக்கக் கூடாது."

அப்பா மறிக்கவில்லை.

லிஃப்டுக்குள் வைத்து வாசுகியைக் கிள்ளினேன். "விசரி, ஏனடி அப்பிடிச் சொன்னனி?"

"விட்டிட்டினமெல்லே? பேந்தென்ன?"

அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

ஏஜன்சி நடத்துகிற குகன் அண்ணை என்னைக் கண்டதும் ரெலிபோனை வைத்தார்.

"வாங்கோ தங்கச்சி. அம்மா இப்பத்தான் எடுத்தவா. சின்னக் கார் வேண்டாமாம்."

"ஏன் அண்ணை?"

"அவாவும் வாறாவாம். செல்வி அன்ரியும் வாறாவாம்."

செல்வி அன்ரி எங்கள் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்து வீடு. அவவுக்கு லைசென்சுக்கான ரோட் ரெஸ்ற் ஐந்து தரம் தவறிவிட்டது. காலையில் அம்மா விஷயத்தைச் சொன்ன உடனே, ஆறாம் தரத்துக்கென்று அவவும் நேர்த்தி வைத்துவிட்டா.

நாலு பேர் போகிற காராகப் பதிந்தேன். பரவாயில்லை. யார் ஏறினாலும் ஓடப்போவது நான்தானே.

"தங்கச்சி, அங்கை எல்லாம் கையாலை மாத்திற கியர் கார். ஓடுவீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என்ரை பழைய காரும் கியர்தான். ஞாயிற்றுக்கிழமை பிளாசா பூட்டினாப் பிறகு வாங்கோ. பழக்கிவிடுறன்."

முதல் ஞாயிறு கார் விக்கல் எடுத்தது. பலசரக்குக் கடை வாசலில் நின்ற தள்ளுவண்டிகளைச் சுற்றி வருவதற்குள் பதினொரு தரம் நின்றுபோனது. இரண்டாம் ஞாயிறு நாலு தரம். மூன்றாம் ஞாயிறு இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குச் சத்தமே இல்லாமல் மாற்றினேன். குகன் அண்ணை அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு ரேடியோவைப் போட்டார். வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு பாராட்டியதில்லை.

இதற்கிடையில் செல்வி அன்ரி எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தா. மெஷின் சுற்றி முடிய அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் இன்னும் ஐந்து பேருக்கு நேர்த்தி இருப்பது தெரியவந்தது.

கார் ஒன்பது பேர் போகிற வானாக மாறியது.

பரவாயில்லை. வானுக்கும் கியர்தானே.

அந்தக் கிழமை அம்மா சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டா: "எந்தப் பக்கமாச் சுத்தப் போறாய்?"

விரலால் காட்டினேன். "இப்பிடி, அம்மா. கடல் வலப்பக்கம்."

"அப்ப கோயில்?"

"கோயில் உள்ளுக்கு. இடப்பக்கம்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "கோயிலை ஆரும் இடமாச் சுத்துவினமோ?"

"அம்மா, உது கோயில் இல்லை. தீவு."

"கோயில் எங்கை இருக்கு?"

"மலையிலை."

"மலை எங்கை இருக்கு?"

"தீவிலை."

"பேந்தென்ன?" என்றா அம்மா. "தீவைச் சுத்தினால் கோயிலைச் சுத்தின மாதிரித்தான். வலமாப் போ."

பக்கத்தில் இருந்து தேநீர் குடித்த செல்வி அன்ரி கோப்பையை வைத்தா. "ஒருக்காச் சுத்திக் காணாதக்கா. மூண்டு தரம் சுத்த வேணும்."

நான் பட்டதாரி. உலகத்தில் யாரும் ஒரு தீவை மூன்று தரம் வலம் வருவதில்லை என்று விளக்கப் போதுமான படிப்பு என்னிடம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

இவ்வளவு நேரமும் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பா எழுந்து வந்தார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, கரையோரமாக வளைத்து வளைத்து வைத்து, பிறகு அதை நிமிர்த்தி அளந்தார்.

"ஒரு சுத்து ஆயிரம் கிலோமீற்றர் வரும். மூண்டு சுத்து மூவாயிரம். உவள் ஓட, நீங்கள் பின்னுக்கு இருந்து நித்திரை கொள்ளப் போறியள். ஏலாது. டிரைவர் வேணும்."

"அப்பா, நான் ஓடுவன்."

"நீ பாங்குக்குப் போய்வரவே பத்துத் தரம் பிறேக் பிடிக்கிறனி."

ஒன்பது தரம் அவர் சொல்லித்தான் பிடிக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை.

மறுபடி பஸ். மறுபடி குகன் அண்ணை. அவர் சிசிலிக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது.

"வானுக்கு டிரைவர் தரமாட்டினமாம், தங்கச்சி. கோச் பஸ் எடுத்தால் டிரைவரோடை வரும். இருபத்தெட்டுச் சீற். முழுக்க நிரம்பினால்தான் தருவினமாம்."

இருபத்தெட்டுச் சீற் நிரம்பாது, இத்தோடு எல்லாரும் விட்டுவிடுவார்கள், எனக்குப் பழையபடி சின்னக் கார் கிடைக்கும் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

செல்வி அன்ரி நாலு நாளில் நிரப்பிவிட்டா.

உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்கு மேலே, சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தா. ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் வேண்டுதல். மூட்டு வலி. மகன் குடும்பியை வெட்ட. மேல் வீட்டுக்காரர் சத்தம் போடாமல் இருக்க. அதற்குக் கீழே, அந்த மேல் வீட்டுக்காரரே வந்து தன் பெயரை எழுதியிருந்தார்: கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு செய்யாமல் இருக்க. வெளிநாடு போகும் பயணப் பேப்பர் கிடைக்காத ஆட்கள், தங்களுக்காகக் கொளுத்தச் சொல்லிக் கற்பூரம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

பட்டியலில் முதலாவது என் பெயர். நேரே, கொட்டை எழுத்தில்: கலியாணம்.

எங்கள் கட்டடம் பதினேழு மாடி. அதற்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறினால், முன்பின் தெரியாத மனிதர்கள்கூட, "யோசியாதை பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்றார்கள். நான் படிகளில் இறங்கத் தொடங்கினேன். பன்னிரண்டாம் மாடியிலிருந்து.

ஆறாம் கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பஸ் முழுக்க ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போய், ஏஜன்சிக் கதவைத் திறந்ததும், கதிரையில் இருக்குமுன்னரே சொல்லிவிட்டேன்.

"அண்ணை அவையள் கோச்சிலை போகட்டும் நானும் வாசுகியும் சின்னக் காரிலை பின்னாலை வாறம்."

குகன் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான்.

"நல்லதுதானே," என்றார். "உங்கடை ரெண்டு சீற்றுக்கும் வேறை ஆக்களைப் பிடிக்கலாம். வீட்டிலை ஒருக்காச் சொல்லிப்போட்டு வாங்கோ, பதிவம்."

கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி பஸ்ஸில் வந்தேன். எதிரே இருந்த மனுசி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

வீட்டில் அம்மாவும் செல்வி அன்ரியும் பட்டியலோடு இருந்தார்கள். செல்வி அன்ரியின் தமக்கைக்கு முழங்கால் நோ. கடைசி நேரத்தில் அவவும் வருகிறேன் என்றாவாம். இருபத்தொன்பது பேர். ஒரு சீற் குறைகிறது.

சந்தர்ப்பம் இப்படித் தானாக வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"என்ரை சீற்றை அவாவுக்குக் குடுங்கோ," என்றேன். "நான் கோச்சிலை வரேல்லை. நானும் வாசுகியும்..."

வசனம் முடியுமுன்னரே செல்வி அன்ரி என் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டா. "என்ன மனம் பாருங்கோக்கா இந்தப் பிள்ளைக்கு."

அம்மாவும் யோசித்தா. "அதுவும் சரிதான். பிள்ளை ஏன் அலைய வேணும்? நேர்த்தி அவளுக்குத்தானே. பெத்த தாய் நான் போய்ச் செய்தால் காணும்."

"ஓமக்கா. எனக்கு வைச்ச நேர்த்தியெல்லாம் எங்கடை அம்மாதானே செய்தவா."

"இல்லை அம்மா, நாங்கள் பின்னாலை ஒரு சின்னக் காரிலை..."

அப்பா செய்தித்தாளை மடித்தார். "கோயில் அலுவலை அம்மா பாக்கிறா. பேந்து உனக்கு அங்கை என்ன வேலை?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பதில் எனக்குத் தெரியும். கார் ஓட. இரண்டே சொல். வாயையும் திறந்தேன்.

மேசையில் கோயிலுக்குக் கொடுக்கவென்று அம்மா ஒரு புதுச் சேலை எடுத்து வைத்திருந்தா. அதில் ஊசியால் ஒரு கடுதாசித் துண்டு குத்தியிருந்தது. துண்டில் என் பெயரும் நட்சத்திரமும், அம்மாவின் கோணல் எழுத்தில்.

"ஒரு வேலையும் இல்லை, அப்பா," என்றேன்.

கீழே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். பதினாறாவது பெயர் வாசுகி. வேண்டுதல்: படிப்பு. அவள் படித்து முடித்து ஒரு வருடம். ரெலிபோன் எடுத்துக் கேட்டேன்.

"என்னையும் கழிச்சு விட்டிடுவினமெண்டு ஒரு பாதுகாப்புக்கு எழுதி வைச்சனான்," என்றாள். "நீயும் ரெண்டு நேர்த்தியா எழுதியிருக்கலாமே."

"உனக்குப் பதிலாப் பெரியம்மா போகேலாதோ?"

"அம்மாவுக்குப் பிளேன் எண்டால் பயமெல்லே."

புறப்படுகிற நாள் அப்பாவின் வானில் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி, விமான நிலையத்துக்கு மூன்று தரம் போய் வந்தேன். எங்கள் வீடு இருக்கும் வோபர்னிலிருந்து நல்ல தூரம். நானேதான் ஓடினேன். மூன்று தரமும் பக்கத்துச் சீற்றில் அப்பா இருந்தார்.

ஏழாம் நாள் அம்மா சிசிலியிலிருந்து ரெலிபோன் எடுத்தா. பின்னால் காற்றுச் சத்தம்.

"பிள்ளை, ரெண்டாஞ் சுத்து முடிஞ்சுது. மலையேறி உன்ரை நேர்த்தியும் செய்தாச்சு. ரோட்டெண்டால் ரோட்டு. வளைஞ்சு வளைஞ்சு போகுது, பக்கத்திலை கடல். நீ ஓடியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பாய்."

"ஓம், அம்மா."

"செல்வி ஓடினவள்."

"எதை?"

"கோச்சைத்தான். ஆளில்லாத ஒரு வெளியிலை டிரைவர் ஒரு கொஞ்சத் தூரம் ஓட விட்டவன். ஒருக்காலும் பிறேக் பிடிக்கேல்லை."

ரெலிபோனை வைக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. வீட்டில் பொய் சொல்வதென்றால், அம்மா எங்களுக்குப் பதிலாகப் போய்ச் செய்து முடிக்க முடியாத பொய்யாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.