தில்லையம்பலத்துக்கு எத்தனை கதிரை?

"தம்பி, நான் இருந்திடுவன். மனிசியும் பிள்ளையளும் நிண்டுகொண்டே சாப்பிடுறது?"

கிளிபோட் அங்கிள் கத்தாமல் கேட்டதுதான் மிதுனனுக்குப் பயம். கனடாவில், ஸ்காபரோவில் விருந்து மண்டபம் நடத்துகிறவர். அவருடைய மகள் செலீனைக் கட்ட அவன் ஆசைப்பட்டதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: விருந்தினரை எண்ணிக் கதிரை ஒதுக்க ஓர் இணையப்பக்கம் செய்து தரவேண்டும். சனிக்கிழமை நடக்கும் கலியாண விருந்து அதன் கணக்கில் ஒழுங்காக முடிந்தால் தாய் தகப்பனைப் பெண் கேட்க அனுப்பலாம். தாங்கள் வேதக்காரர், அவன் சைவப் பெடியன் என்பதைப் பிறகு யோசிப்போம் என்று பெருந்தன்மை வேறு.

அவர் தன் வீட்டார் நாலு பேரின் பெயரையும் பதிந்து பார்த்தார். பக்கம் ஒரு கதிரை ஒதுக்கியது.

மிதுனன் மிசிசாகாவில் பெரிய கம்பனியில் புரோகிராம் எழுதுகிறவன். ஆகவே முதலில் அங்கிளின் வைஃபையைக் குறை சொன்னான். பிறகுதான் பார்த்தான். பெயர் பதியும் பகுதி இன்னொரு கம்பனி செய்தது. அதைத் தன் பக்கத்துக்குள் இன்னொரு குட்டிப் பக்கமாக, ஒரு ஃபிரேமாகச் செருகியிருந்தான். ஃபிரேமுக்குள் நாலு பெயரும் அழகான பட்டியலாக இருந்தன. வெளியே வந்ததும் பக்கம் அதைப் பட்டியல் என்று ஏற்காமல், ஏதோ ஒன்று என்று எண்ணி ஒரு கதிரையோடு முடித்துக்கொண்டது.

வருவதெல்லாம் பட்டியல்தான் என்று வைத்துக்கொள்ளப் பக்கத்துக்குச் சொன்னான். குடும்பங்களுக்கு இடம் கிடைத்தது. தனியாக வரும் தில்லையம்பலத்தின் பெயரையும் பட்டியலாக எடுத்து, எழுத்துக்கொரு கதிரை போட்டது பக்கம். ஒற்றை மனிதருக்கு ஒரு மேசை முழுதாகப் போனது.

சரி, எல்லாப் பெயரையும் ஒரே வரியாக்கி, காற்புள்ளியை வைத்து எண்ணு என்றான். என்ன மூளை! நம்மவர்கள் வெறும் பெயரோடு நிறுத்துகிறவர்களா? "சண்முகலிங்கம், ஜே.பி., ஓய்வுபெற்ற அதிபர், சமூகத் தொண்டர்" என்று ஒருவர் பதிய, அவருடைய பட்டங்களுக்கும் தனித்தனியே கோழிப் புரியாணி ஒதுக்கியது பக்கம்.

அப்பா ஒஷாவாவில் ஒரு பல் வைத்தியரை மாப்பிள்ளையாக விசாரிக்கிறார் என்று செலீன் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை உண்மை பிடிபட்டது. ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு தனி வீடு. அவன் எழுதிய சோதனை, நீ பட்டியலா என்று கேட்கவில்லை. நீ எங்கள் வீட்டுப் பட்டியலா என்று கேட்டது. புது ஆளைக் கண்டதும் எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று துருவும் நம் புத்தி கணினிக்குள்ளும் புகுந்திருந்தது. எங்கே பிறந்தாலும் பட்டியல் பட்டியல்தான் என்று ஏற்கும் சோதனை ஒரே வரி. எழுதினான். நாலு பேருக்கு நாலு கதிரை வந்தது. அங்கிள் முதுகில் தட்டினார்.

சனிக்கிழமை கேக் வெட்டியும் மண்டபத்தில் முக்கால்வாசிக் கதிரை சும்மா கிடந்தது. வீடியோக்காரர் கூட்டத்தைத் தேடிக்கொண்டு திரிந்தார். அங்கிள் மிதுனனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மூடி திறக்காத புரியாணித் தட்டுகளைக் காட்டி, அப்பா அம்மாவை இப்போதைக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்றார். கணக்குச் சரி என்று மிதுனன் சத்தியம் பண்ணாத குறை.

அந்நேரம் பார்த்து, பார்சல் கேட்டு எட்டிப் பார்த்தார் விருந்தாளி புனிதவதி அன்ரி. நாலு பேர் வருவதாகப் பதிந்துவிட்டுத் தனியே வந்திருந்தவர். மற்றவர்கள் எங்கே என்று மிதுனன் கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

"இண்டைக்கு எங்களுக்கு நாலு கலியாணம் தம்பி; அவர் பிக்கரிங், மகன் மார்க்கம், மகள் மிசிசாகா, இஞ்சை நான்; கோடைச் சனிக்கிழமையிலை குடும்பத்துக்கு ஒரு கதிரைதானே போடுறது?"