தாமசம் இல்லாத வீடு

மட்டாஞ்சேரி,
ஆனி மாதம், விடாத மழை.

மரியாதைக்குரிய மச்சான் செல்லதுரை அவர்கள் சமூகத்துக்கு,

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து உங்கள் தங்கை புருஷன் இசக்கிதுரை வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளை கங்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் வசந்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஆனால் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரி மாப்ளே, சரி மாப்ளே" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முழுதாக வாசித்துத்தானே ஆக வேண்டும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கங்காவுக்குக் கலூரில் நர்சிங் கோச்சிங் இடம் கிடைத்து, அடுத்த மாதம் முதல் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வருவதாக ஏற்பாடு. அவளை இப்போது அனுப்ப வேண்டாம். அவள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று அக்கா நினைத்துவிடக் கூடாது. பாசம் இருக்கிறது, வீடுதான் இல்லாமல் போகப் போகிறது.

நடந்தது இதுதான். இங்கே "மேல்க்கூர" என்று ஒரு சங்கம். மேல்க்கூர என்றால் கூரை. அவர்களும் கட்டிடக்கலை படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து, வீடில்லாதவர்களுக்கு வீடு அமைப்பது எப்படி என்று ஒரு போட்டி வைத்தார்கள். மட்டாஞ்சேரியில் பூட்டிக் கிடக்கிற பழைய கட்டிடங்களுக்குக் குறைவில்லை, அவற்றின் வராந்தாவில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவர்களுக்கும் குறைவில்லை. ஆளில்லாத கட்டிடம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், அதைக் குடியிருக்கிற மாதிரி மாற்றிப் படம் வரைய வேண்டும், ஜெயிக்கிற படத்தை அப்படியே கட்டித் தருவார்கள். நல்ல காரியம் என்று நானும் முதல் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் கொடுத்தார்கள். அந்தப் பழம்பொரி எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

சங்கத்துத் தலைவர் அனந்தநாராயணன் என்று ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். நமக்கு ஒரு தமிழ் ஆள் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அவர் பேசுவது தமிழ்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

அதற்கு அடுத்த வாரம்தான் நீங்கள் ஊரில் கோயில் கொடை என்று வசந்தியை அழைத்துக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் வரிசையாகச் சொல்லும்போது இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். அவள் போகும்போது பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். எனக்குச் சாப்பாடு ஓட்டலில். ஆகவே அடுப்பு பற்றவில்லை, வாசலில் கோலம் இல்லை, முன் அறை முழுக்க என் வியாபாரப் பூண்டு மூட்டை. பிராட்வே கடைகளுக்குப் பூண்டு போட வேண்டிய நாள் அன்றைக்கு. வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், நான் தலையில் மூட்டையோடு படி இறங்குகிறேன், அப்போது பார்த்து ரஹீனா என்கிற மாணவி குடையும் காகிதமுமாக வந்து நிற்கிறாள். மரியாதையான பிள்ளை. "சேட்டா, இவிடெ தாமசமுண்டோ?" என்றாள். அதே நேரத்தில் ஆட்டோக்காரனும் "தாமசமுண்டோ சேட்டா?" என்று கத்தினான்.

மச்சான், நம் ஊரில் தாமசம் என்றால் நேரமாவது. வேறு அர்த்தம் கிடையாது. இந்த ஊரிலும் தாமசம் என்றால் நேரமாவதுதான், ஆனால் குடியிருப்பதற்கும் அதே வார்த்தைதான். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் தலையில் மூட்டை இருக்கும்போது அகராதி பார்க்க முடியுமா. இரண்டு வாயிலிருந்து ஒரே கேள்வி வந்தது, நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னேன்: "தாமசம் ஒண்ணும் இல்ல, இப்பப் போயிருவேன்." ரஹீனா உள்ளே எட்டிப் பார்த்து, "அப்போ இந்த சாக்கெல்லாம்?" என்று கேட்டாள். "எல்லாம் இன்னிக்கே ஏத்திருவேன்" என்றேன். அவள் நன்றி சொல்லி, வீட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். யாரோ நம் வீட்டை அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கிறார்களே என்று நான் கூட ஆட்டோவிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வசந்தி திரும்பி வந்து, இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். வாசகசாலைச் சுவரில் பெரிய போஸ்டர். முதல் பரிசு பெற்ற படமாம். பார்த்தால் என் வீடு. கொடியில் என் கைலி தொங்குகிறது. கீழே மலையாளத்தில் கொட்டை எழுத்தில் "ஆள்த்தாமசமில்லாத்த கெட்டிடம்" என்று போட்டிருக்கிறது. ஆளில்லாத கட்டிடத்தில் கைலியை யார் காயப்போட்டது என்று அத்தனை நடுவர்களில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா. பக்கத்திலேயே தெர்மோகோலில் மாதிரி வீடு வைத்திருந்தார்கள். முன் அறை பொது அடுக்களை ஆகிறது. நான் படுக்கிற இடம் முற்றம் ஆகி, அதில் ஒரு குட்டி மரம் நிற்கிறது. வெளிச்சம் வருவதற்காகக் கூரையைத் திறக்கிறார்களாம். மச்சான், அந்தக் கூரையில் ஓட்டைக்கா பஞ்சம்? வீட்டில் இருக்கிற வாளி எல்லாம் இப்போது தரையில்தான் இருக்கிறது, குளிப்பதற்கு ஒன்றைக் காலி செய்து எடுக்க வேண்டியிருக்கிறது.

நேரே அனந்தநாராயணன் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே சொன்னேள், தாமசம் இல்லேன்னு. குட்டி எழுதிண்டு வந்திருக்காளே" என்றார்.

"சார், அது நேரமாகாதுன்னு ஆட்டோக்காரனுக்குச் சொன்னது."

"அப்போ அவ கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையா?"

"அவளுக்கும் அதேதான் சார் சொன்னேன். வார்த்தை ஒண்ணு, அர்த்தம்தான் வேற."

அவர் ஊஞ்சலை ஒருமுறை உந்திவிட்டார். பிறகு, "ஜூரி தீருமானிச்சாச்சு. இனி மாத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூட கொஞ்சம் தாமசம் ஆகும், கேட்டேளா" என்றார். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது அவருக்கும் தெரிகிறது, அவர் சொல்லும்போது மட்டும். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நீங்க பேடிக்க வேண்டாம். இதிலே நீங்களும் ஒரு பங்காளியாக்கும்" என்று தைரியம் வேறு சொன்னார். கூட்டாளி என்கிற அர்த்தத்தில் சொன்னாராம். நம் ஊரில் பங்காளி என்று எப்போது சொல்லுவோம்? வீட்டையும் வயலையும் பிடுங்குகிறபோதுதானே. ஒரு வகையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, வீட்டுக்காரர் விடமாட்டார் என்று நம்பியிருந்தேன். வீட்டுக்காரர் சிகாபுதீன் பாய் கலூரில் இருக்கிறார், நம்மைப்போல் தமிழ் பேசுகிற ராவுத்தர். கூரை ஓடுகளை மாற்றிக் கொடுங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் "பெருநாள் கழியட்டும் இசக்கி" என்பார். எத்தனையோ பெருநாள் கழிந்துவிட்டது. இந்த விஷயத்துக்கு மட்டும் அவரே போன் செய்தார்.

"இசக்கி, வீட்டைக் காலி பண்ணிட்டியாமே. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே, மனசுக்கு வருத்தமாப் போச்சு."

"பாய், நான் உங்க வீட்டுக்குள்ள உக்காந்துதான் பேசுறேன்."

"அப்படியா? போனவன் அங்க என்ன பண்றே?"

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவங்க ஓடு முழுசும் மாத்தித் தர்றாங்களாம் இசக்கி. புண்ணியமான காரியம், தடுக்காதே" என்று சொல்லிவிட்டார். நான் கேட்டபோது அதே ஓட்டில் புண்ணியம் இல்லை போலிருக்கிறது.

அதற்கப்புறம் ரஹீனாவைப் பிடித்தேன். பாவம், அந்தப் பிள்ளை அழாத குறை. தப்பு என்னுடையதுதான் சேட்டா என்று நாலு தரம் சொன்னாள். அப்படியானால் எங்கள் பெயரையும் வீடில்லாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிடு, நாங்களே அந்த வீட்டுக்குக் குடிவந்துவிடுகிறோம் என்றேன். அவள் காகிதத்தை எடுத்து, "சேட்டன் இப்போ எவிடெயா உறங்கணே?" என்று கேட்டாள். இந்த வீட்டில்தான் என்றேன். "அப்போ வீடு உண்டல்லோ." அந்த வீட்டைத்தானே ஆளில்லாத வீடு என்று நீ எழுதினாய் என்றேன். காகிதத்தைத் திருப்பித் தான் எழுதியதை வாசித்தாள். "அதும் சரியா" என்றாள், அதாவது அதுவும் சரிதானாம். மச்சான், வீடு இருப்பதால் எனக்கு வீடு கிடையாது, வீட்டில் நான் இல்லாததால் வீடும் கிடையாது. இதைக் கொச்சியில் ஒருத்தர்கூடத் தப்பு என்று சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இனி வருவதுதான் மோசம். பட்டியலில் முதல் பெயர் கமலாக்ஷி. மீன் சுத்தம் செய்து கொடுக்கிறவர், பஜார் ரோட்டில் ஒரு பூட்டின கிடங்கின் வராந்தாவில் படுக்கிறவர். போன வாரம் மழையோடு மழையாக, தனக்குக் கிடைக்கப் போகிற வீட்டைப் பார்க்க வந்துவிட்டார். யாராவது வீட்டைக் கேட்டு வந்தால் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் நான் இருந்தேன். அவர் உள்ளே வந்ததும் முதலில் வாளிகளைப் பார்த்தார். மேலே பார்த்தார். கட்டிலை எதற்குச் சுவரைவிட்டு நடுவில் போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு நாங்கள் சொல்லாமலே புரிந்தது. வசந்தியைப் பார்த்து, "அப்போ நிங்ஙள் எங்கோட்டு போகும்?" என்று கேட்டார். வசந்தி தெரியவில்லை சேச்சி என்றாள். "என்டெ ஸ்தலம் ஒழியுமல்லோ, அங்கோட்டு வந்நோ. அவிடெ நனயில்ல" என்றார். தன்னுடைய வராந்தா காலியாகும், அங்கே வந்துவிடுங்கள், அங்கே நனையாது என்கிறார். கிண்டல் இல்லை மச்சான். எந்தத் தூணுக்குப் பின்னால் படுத்தால் போலீஸ்காரர் எழுப்ப மாட்டார், எந்தப் பக்கம் நாய் வராது என்று எல்லாம் விளக்கமாகச் சொன்னார். வசந்தி அழுதுவிட்டாள்.  சண்டை போடக் காத்திருந்த இடத்தில் ஆள் இப்படி இருந்தால் நான் யாரிடம் கோபப்படுவேன்? அவருக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறதாம். நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். கொடைக் கமிட்டியில் நீங்கள் எழுந்து நின்றால் மைக் தேவையில்லை என்பது ஊருக்கே தெரியும், அந்தக் குரல் இங்கே ஒருமுறை ஒலிக்க வேண்டும். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தெரியாமல் இருப்பதே நல்லது. ஒருவேளை காரியம் நடக்காவிட்டால் உங்கள் மாடி அறையைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வையுங்கள். நாங்கள் இரண்டு பேர், கட்டில் ஒன்று, பூண்டு கொஞ்சம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் கங்காவுக்கு என் ஆசியையும் சொல்லவும். நீங்கள் எல்லோரும் சொந்தக் கூரைக்குக் கீழே நனையாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று, ஒழுகாத ஓர் ஓரமாக உட்கார்ந்து வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாப்பிள்ளை,
இசக்கிதுரை.

பின்குறிப்பு: மழையில் தபாலாபீஸ் பக்கம் போக முடியாமல் கடிதம் வீட்டிலேயே கிடந்தது, அதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து போய்விட்டது. நீங்கள் வர வேண்டாம். கமிட்டியில் நான் எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே கமலாக்ஷி எழுந்து, "அவிடெ ஆளுண்டு. ஞான் கண்டதா. எனிக்கு ஆ வீடு வேண்டா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே ஆள் இருக்கிறது, நானே பார்த்தேன், எனக்கு அந்த வீடு வேண்டாம் என்கிறார். உடனே என் வீட்டைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டார்கள். இரண்டாம் பரிசுப் படத்தைக் கட்டலாம் என்றார்கள். அந்தக் கட்டிடம் அண்ணன் தம்பி வழக்கில் கோர்ட்டில் கிடக்கிறதாம், ஆகவே இப்போதைக்கு யாருக்கும் வீடு இல்லை. கூட்டம் முடிந்ததும் உங்கள் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கமலாக்ஷியின் மூட்டையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். இப்போது முன் அறையில் அவர்தான். நேற்று அனந்தநாராயணன் போட்டோக்காரரோடு வந்து, திட்டம் ஜெயிச்சுடுத்து என்று சொல்லி, கமலாக்ஷியை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், படத்தில் விழுகிறேனாம். கங்காவைத் தயங்காமல் அனுப்புங்கள். படிக்க ஒரு பெண் வருகிறாள் என்று வசந்தி சொன்ன நிமிடத்திலிருந்து, வீட்டில் நனையாத ஒரே மூலையைக் கமலாக்ஷி அவளுக்கென்று பிடித்து வைத்திருக்கிறார். இந்தப் பின்குறிப்பை எழுதக்கூட என்னை அங்கே உட்கார விடவில்லை.