கவிழ்த்த செம்பு

சங்கிலிமுத்து பீடியை விட்டுவிட்டார் என்று அவர் மனைவி பஞ்சம்மாள் இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். செத்தாலும் பீடியை விடுவதில்லை என்று சங்கிலிமுத்து உறுதி எடுத்துக்கொண்டதும் அன்றுதான்.

வேலை சிவகாசியில், பட்டாசுக் கம்பெனியில். வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்துவிடுவார்கள். பஞ்சம்மாளின் மூக்கு அதைவிட மோசம். கூரை, குதிர், மாட்டுத் தொழுவம் எதுவும் அதற்குத் தப்பவில்லை.

குளிக்கும்போது வழி பிறந்தது. செம்பைக் கவிழ்த்துத் தொட்டிக்குள் அமுக்கினால் தண்ணீர் ஏறவில்லை. உள்ளே இருக்கிற காற்று விடவில்லை. பழைய செம்பு ஒன்றின் உள்ளே, நடுவயிற்றில், பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் பசை போட்டு ஒட்டினார். உறியில் கவிழ்த்துக் கட்டி, கனத்துக்குக் கல் வைத்து, தோட்டத்துக் கிணற்றில் ஒரு முழம் முங்கவிட்டார். பீடியைத் தண்ணீருக்குள் தேடுகிற பெண் இனிமேல்தான் பிறக்கவேண்டும். சாயங்காலம் எடுத்தால் மொறுமொறுவென்று இருந்தது.

சில நாள் சொர்க்கம்.

"ஏங்க, கெணத்துல என்ன கயிறு?"

"ஆழம் பாக்கேன். தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு தெரியணும்லா?"

"ஆழம் பாக்குற கயிறு மேலயே தொங்குனா? காலையிலயே நீளக் கயிறு கட்டி அடிவரைக்கும் விட்டுட்டேன். ஆறு ஆள் ஆழம். போதுமா?"

"நீ எதுக்குளா செரமப்படுதே?"

"உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

சங்கிலிமுத்து பதறவில்லை. ஒரு முழமானால் என்ன, ஆறு ஆளானால் என்ன? காற்று எங்கே ஓடிவிடும்? அவள் அடுப்படிக்குப் போனதும் செம்பை இழுத்தார். உள்ளே தண்ணீர் இல்லை. ஆனால் பீடி கூழாகியிருந்தது. தீப்பெட்டியும் கூழ்தான்.

"என்ன முழிக்கீக?" பின்னால் பஞ்சம்மாள். "சைக்கிள் பம்பு வாயைப் பொத்திக்கிட்டு அமுக்குனதில்லையா? ஆறு ஆள் தண்ணி அமுக்குனா காத்து பாதியாச் சுருங்கிரும். நடுவயிறுவரை தண்ணி ஏறிரும். மேல இழுத்தா காத்து பழையபடி விரிஞ்சு தண்ணியத் தள்ளிரும்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"என் செம்பைக் கட்டி விட்டுப் பாத்தேன்."

"அடிப்பாவி! நனைச்சிட்டியே!"

"பீடியை நான் தொட்டனா? கயித்தைத்தான நீட்டுனேன். அடிப்பக்கம் கையை விட்டுப் பாருங்க."

கவிழ்த்தால் உச்சியாகிற அந்த இடத்தில் ஒரு பொட்டலம் ஒட்டியிருந்தது. இருக்கன்குடித் திருநீறு. ஈரமே இல்லை.

சங்கிலிமுத்து எடுத்துப் பூசிக்கொண்டார். நனையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.