விங்கர் அண்ணையின் ஒரே ட்ரை

கனடாவில் குடியேறிய தமிழர்களிலேயே, கைக்குப் பந்து வராமல் அதிக தூரம் ஓடியவர் எங்கள் விங்கர் அண்ணைதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு அன்ரியின் வீட்டுப் பேஸ்மென்டில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யூனிவர்சிற்றிப் புத்தகமும் நானுமாகக் கிடப்பேன். அண்ணை நாற்பது தாண்டியவர். ரக்பி லீக் என்றால் என்னவென்றே ரொறன்ரோவில் அநேகம் பேருக்குத் தெரியாத காலத்தில், புதிதாக முளைத்த ஒரு குழுவில் கோட்டோரம் ஓடும் விங்கர்.

ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்கலாம். அண்ணை இந்தச் சட்டத்தைச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தார். சம்பல் கேட்டால் எழும்பி, முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலால் நீட்டுவார்.

அன்ரி திடுக்கிட்டுப் போனார். "தம்பி, உவருக்கு என்ன வருத்தம்?"

"முன்னுக்குக் குடுத்தா பிழை, அன்ரி. விசில் ஊதிப்போடுவாங்கள்" என்றார் அண்ணை, சுவரைப் பார்த்தபடி.

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம், வன்னிக்குள் இருந்த அவருடைய தங்கச்சியிடமிருந்து பல வாரங்களாகச் சத்தமில்லை. அண்ணை செல்போனை விட்டு இம்மியும் பிரியவில்லை. குளிக்கும்போது அது சோப்புப் பெட்டியில் இருந்தது. விளையாடும்போது காலுறைக்குள்.

"அண்ணை, மிதிபட்டா உடைஞ்சிடும்."

"என்ரை கால் உடைஞ்சாலும் அது உடையாது."

ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்ததால் என்னையும் மைதானத்தில் இறக்கிவிட்டார். விதிகளைப் பாடமாக்கியிருந்தேன், ஓடத்தான் தெரியாது.

"எனக்குப் பின்னாலை வா. எனக்கு எப்பிடியும் பந்து வராது. உனக்கு ஒரு ஆபத்தும் இல்லை."

வந்தது! எதிரணிக்காரனிடமிருந்து நழுவிய பந்து நேரே அண்ணையின் கையில் விழுந்தது. பறந்தார். முன்னால் வெறும் புல். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை. அவருடைய வாழ்நாளின் முதலாவது.

ஒரு பாய்ச்சல் தூரம்தான் இருந்தது. காலுறை அலறியது.

அண்ணை சடாரென்று நின்றார். திரும்பிப் பார்க்காமலே, சம்பல் நீட்டுவதுபோலத் தோளுக்கு மேலால் பந்தை நீட்டினார். வாங்கினேன். நிற்கத் தெரியாமல் கோட்டுக்கு அப்பால் பந்தோடு போய் விழுந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தால், எருமை மாதிரி ஒருவன் அண்ணையைச் சாய்த்து அவர்மேல் கிடக்கிறான். அண்ணையின் காதில் போன்.

"முகாமிலையோ? ஆரின்ரை போன்? பிள்ளையளும் இருக்குதுகளோ? எல்லாரும்?" பிறகு, "மூச்சு வாங்குதோ? ஒண்டுமில்லை தங்கச்சி, சும்மா படுத்துக் கிடக்கிறன். நீ கதை."

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். மேலே கிடந்தவன் அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல இறங்கி, பக்கத்தில் குந்திக்கொண்டான்.

ட்ரை என் பெயரில்தான் பதிவானது. அதற்குப் பிறகு அண்ணை விளையாடப் போகவில்லை. "உங்கடை விங்கர் எத்தினை ட்ரை போட்டவர்?" என்று இப்போதும் சிலர் நக்கலாகக் கேட்பார்கள்.

"ஒண்டு" என்பேன். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தது மட்டும்தான் நான்.