ஒரு சொட்டுப் பச்சை மை

சகலமானவர்களுக்கும் மிகுந்த துக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது: கட்டம் சாருடைய பிளானரில், இந்த வாரப் பக்கத்தின் நட்டநடுவில், ஒரு சொட்டுப் பச்சை மை விழுந்துவிட்டது.

அவர் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவு மேற்பார்வையாளர். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு அதற்குள்ளேயே வாழ்பவர் என்பதால் அந்தப் பெயர். கைப்பேசியில் தேதி பார்ப்பவர்களை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் பேச்சை வீட்டிலும் வெளியிலும் இதுவரை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. பல வருஷம் நச்சரித்த பிறகு, 'நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி' என்று எல்லா ஊழியர்கள் முன்னாலும் அவர் பேசுவதற்கு டைரக்டர் இப்போதுதான் சம்மதித்திருந்தார். அந்த மேடையில் தூக்கிக் காட்ட வேண்டிய பிளானர் இது.

"ஒரு சொட்டுதானே, விடுங்க," என்றாள் மனைவி.

"உனக்கு அது சொட்டு. எனக்கு ஒரு வாரமே போச்சு."

கறைபட்ட தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டார். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடி சும்மா இருக்குமா? அடுத்த மாதத்துத் தாள் ஒன்று கழன்று மடியில் விழுந்தது. பசை போட்டு ஒட்டினார். பசை தாராளமாகிவிட்டதால் அக்கம்பக்கத்துத் தாள்களும் உறவு கொண்டாடி ஒட்டிக்கொண்டன. ஆவியில் காட்டினால் பிரியும் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் கொதிக்கும் கெட்டில் மேல் பிடித்தார். தாள் பிரியவில்லை, மை கரைந்தது. நீலத்தில் எழுதிய கடமைகளும் சிவப்பில் எழுதிய லட்சியங்களும் கலந்து ஊதாவாக வழிந்தன. காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தார். அதற்கப்புறம் நடந்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. வாசனையே சொல்லிவிட்டது.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் புதன்கிழமை லீவு போட்டார். புது பிளானர் வாங்கி, வருஷம் முழுவதையும் ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தார். வியாழக்கிழமைக் கட்டத்தில் 'என் உரை' என்று முத்து முத்தாக எழுதி, சுற்றிலும் பூக்கொடி வரைந்தார். கொடிக்கே பாதி நாள் போனது.

மத்தியானம் போன் விடாமல் அடித்தது.

"என்னங்க, ஆஃபீஸ்லருந்து. திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க."

"இன்னிக்குக் கட்டத்துல போன் கிடையாது. எடுக்காதே."

"ஏதாவது அவசரமா இருந்தா?"

"அவசரப்படுறவங்களைத் திருத்தத்தானே நாளைக்குப் பேசப் போறேன்."

அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையும் கக்கத்தில் பிளானருமாகக் கூட்ட அறைக்குப் போனார். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மைக்கைக் காணோம். மனிதர் யாரையும் காணோம். தன் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன்கூட வரவில்லை என்பது மெல்ல உறைத்தது. ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். பூக்கொடி கண்ணில் மங்கலாகத் தெரிந்தது.

துடைப்பத்தோடு அட்டெண்டர் உள்ளே வந்தார்.

"யாருமே வரலையாப்பா?"

"கூட்டம் நேத்துதானே சார். போன் மேல போன் போட்டும் நீங்க எடுக்கலை. சரின்னு எல்லாரையும் அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நேரம் மிச்சமானதுல டைரக்டருக்கு ஏக சந்தோஷம். இனிமே மாசாமாசம் உங்க பேச்சுதானாம்."