மாதங்களாக வெட்டப்பட்ட கல்யாணப் பத்திரிகை

வீணாகக் கிடக்கும் ஒரு பொருளைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவது பெரிய தீங்கா, அல்லது அதை மிக அழகாக்கி ஒன்றுக்கும் உதவாமல் செய்துவிடுவது பெரிய தீங்கா? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது தத்துவ நூல் எதுவும் அன்று; என் அக்காளின் கல்யாணப் பத்திரிகை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, மூலக்குளத்து வீட்டில் அமர்ந்தபடி மனிதச் செயல்களின் விளைவுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். (வேலை கிடைக்கவில்லை என்பதை அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.) கடையில் பை கேட்க மாட்டேன், ஒரு தாளின் இரு பக்கமும் நிறையாமல் அடுத்த தாளைத் தொட மாட்டேன்.

அக்காள் மணந்தது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்துப் பிள்ளையை. கல்யாணம் முடிந்த கையோடு மாமா பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அக்காள் விசாவுக்காகக் காத்திருந்தாள். தொலைபேசி மணி அடித்தால் அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

அவளுடைய புது வாழ்க்கைக்கு, நாள்வாரியாகத் திட்டமிட்டு எழுதும் பிளானர் ஒன்றைப் பரிசளிக்க எண்ணினேன். ஆறு வளையங்கள் கொண்ட, தாள்களைக் கழற்றி மாட்டும் வகை. ஆனால் உள்ளே மாதங்களைப் பிரிக்கும் அட்டைகள் வெறும் வெள்ளையாக இருந்தன. அவற்றை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். புதிய அட்டை வாங்குவதா? ஒரு மரம் என் கனவில் வந்து கேள்வி கேட்காதா? பரணைத் துழாவினேன். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டாகக் கிடந்தன. கெட்டியான அரக்கு நிற அட்டை, பொன்னெழுத்து.

பிளானர் தாளை மேலே வைத்துக் கோடிட்டு வெட்டினேன். ஓரத்தில் மாதப் பெயர் எழுத ஒரு காது விட்டு, அந்தக் காது ஒவ்வொரு மாதத்துக்கும் சற்றே கீழிறங்குமாறு அமைத்தேன். புத்தகத்துள் வைத்து உலர்த்திய காகிதப்பூ இதழ்களையும், ரவிக்கையில் வெட்டி மிஞ்சிய ஜரிகையையும் ஒட்டி, மேலே கண்ணாடித் தாள் போர்த்தி, துளையிட்டேன். கை பழகும்வரை பாழானவை பல. கட்டு தீர்ந்தபோது பன்னிரண்டு மாதங்களும் நிறைவுற்றிருந்தன. அவற்றை விசிறிபோல் விரித்துப் பார்த்து, என் விரல்களையே வியந்து நெடுநேரம் அமர்ந்திருந்தேன். இந்தக் கைகளுக்கா ஒருவரும் வேலை தரவில்லை!

அந்த வாரமே பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்திலிருந்து அக்காளுக்கு விசா நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. விசாவுக்காக நடக்கும் போலிக் கல்யாணங்கள் மலிந்திருந்ததால், நடந்தது உண்மைக் கல்யாணம்தான் என்று காட்ட அச்சிட்ட பத்திரிகையும் கேட்டிருந்தார்கள். காட்டத் தவறினால் கோப்பு அடியில் போய்விடும்; மறுபடி எப்போது மேலே வரும் என்று எவருக்கும் தெரியாது.

"டேய், பரண் மேல இருந்த பத்திரிக கட்டு எங்கடா?" என்றார் அம்மா.

நான் பிளானரை நீட்டினேன்.

அக்காள் ஜனவரியைப் புரட்டினாள். பிப்ரவரியைப் புரட்டினாள். "பிள்ளையார் தும்பிக்க மட்டும் இருக்குது. மூஞ்சி எங்கடா?"

"ஜூலையில இருக்கும்க்கா."

"படிச்ச மூதேவி!" என்று அம்மா என் பட்டத்தைச் சுருக்கமாக மதிப்பிட்டார்.

உறவினர் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் பறந்தேன். உப்பளத்து அத்தை பத்திரிகையைக் கொசுவர்த்திக்கு அடியில் வைத்து எரித்திருந்தார். லாஸ்பேட்டைப் பெரியப்பா, "கல்யாணம்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குப்பா?" என்று என்னைவிடத் தெளிவாகக் கேட்டார். அச்சகத்தில் மாதிரிப் பிரதியும் இல்லை. வேறு வழியின்றி அக்காள் பிளானரோடு நேர்காணலுக்குப் போனாள். நான் வெளியே மரத்தடியில் நின்றேன்.

சற்று நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் அம்மையார் எட்டிப் பார்த்தார். "யாருப்பா வெட்டினது? உள்ள வா, தொரை கூப்புடறாரு."

நரைத்த மீசையுடைய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் என் படைப்புகளை மேசைமீது பரப்பியிருந்தார். கல்யாணத் தேதி எங்கே என்று கேட்டார்.

"நவம்பர்லங்க" என்றேன்.

அம்மையார் கோப்பைப் பார்த்தார். "மே மாசம்னு எழுதியிருக்குதே?"

"கல்யாணம் மே மாசந்தாங்க மேடம். தேதிதான் நவம்பர்ல இருக்குது."

இதை அவர் எப்படி மொழிபெயர்த்தாரோ, அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. அக்காள் கண்களை மூடிக்கொண்டாள்.

"முகூர்த்த நேரம்?"

"வளையம் மாட்டற ஓட்டையில போயிடுச்சுங்க."

பிறகு நால்வருமாக மேசைமேல் குனிந்தோம். மார்ச்சில் இருந்த மாமாவின் பெயரை ஆகஸ்டில் இருந்த அவர் தந்தையின் பெயரோடு சேர்த்தோம். பெரியப்பா மூன்று மாதங்களில் வரவேற்றுக்கொண்டிருந்தார். அதிகாரி தாமாகவே பிள்ளையாரைக் கண்டுபிடித்துத் தும்பிக்கையோடு பொருத்தினார். தாத்தாக்கள், ஊர்கள், தாய்மாமன்கள் என்று துண்டு துண்டாக இரண்டு குடும்பங்கள் அந்த அரசாங்க மேசையில் எழுந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. இத்தனை பேர் கூடி நின்றதையா நான் வெறும் அட்டை என்று எண்ணினேன்?

அதிகாரி ஏப்ரலை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காகிதப்பூ இதழ் சிவந்து ஒளிர்ந்தது. பிறகு ஏதோ சொன்னார்.

"பொய்க் கல்யாணம் பண்றவங்க பத்திரிகைய கசங்காம கொண்டாருவாங்களாம்" என்றார் அம்மையார், சிரிப்பை அடக்க முடியாமல். "நெஜமா கல்யாணம் நடந்த ஊட்லதான் இவ்ளோ தைரியமா வெட்டுவாங்கன்றாரு. எல்லாத்தயும் கோப்புல வெச்சிக்கறாராம்."

வீட்டிலிருந்து கிளம்பியது முதல் அதுவரை கண்கலங்காத அக்காள் அப்போதுதான் அழுதாள். "மேடம், ஏப்ரல மட்டுமாவது திருப்பித் தரச் சொல்லுங்க. எந்தம்பி செஞ்சது."

தரவில்லை. அது சான்றாகிவிட்டதாம். அக்காள் வெள்ளை அட்டைகளோடுதான் பாரிசுக்குப் பறந்தாள். என் மாதங்கள் இன்றும் ஏதோ ஓர் அலமாரியில், முத்திரை குத்தப்பட்டு, பிரெஞ்சு அரசின் பாதுகாப்பில் இருக்கின்றன என்றே நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் கல்யாணப் பத்திரிகையையும் என் கையில் கொடுப்பதில்லை. எதிரே நின்று படித்துக்காட்டிவிட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள். என் கல்யாணப் பத்திரிகையை மட்டும் தொட அனுமதித்தார்கள். அதை அக்காள் லேமினேட் செய்து அனுப்பியிருந்தாள்.